பார்க்க வந்தவரைப் பார்த்த ஊர்



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு என்ன பொருள் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அறக்கட்டளை நிர்வாகிகள் கேட்டபோது, சீனாவில் வாழ்ந்த வெளிநாட்டு இதழாளர்களைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். எல்லைத் தகராறு, வர்த்தகம், ராணுவம் ஆகியவை பற்றிப் பேச வல்லுநர்கள் இருக்கிறார்கள். என் மனத்தில் வெகுகாலமாகக் கிடக்கும் கேள்வி வேறு. ஒரு நாட்டைப் பற்றி எழுதப் போனவர், அங்கேயே சில ஆண்டுகள் குடியிருந்த பிறகு, தன்னைப் பற்றி என்ன தெரிந்துகொள்கிறார்? தெரிந்துகொண்டது அவருடைய எழுத்தை என்ன செய்கிறது?

நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டவன் நான். பெய்ஜிங், ஷாங்காய் என்று ஊர்ப்பெயர் தாங்கி எங்கள் டெஸ்க்குக்கு வந்த ஏஜென்சி செய்திகளில் பெரும்பாலானவை லண்டன் வாசகருக்கும் நியூயார்க் வாசகருக்கும் எழுதப்பட்டவை. அவற்றைத் தமிழாக்கித் தலைப்பு வைத்து அச்சுக்கு அனுப்புவோம். எழுதியவர் யார், எந்தத் தெருவில் குடியிருக்கிறார், காய்கறிக்காரரிடம் எந்த மொழியில் பேரம் பேசுகிறார், அவரைக் கண்டால் தெருப்பிள்ளைகள் என்ன சொல்லிக் கத்துகிறார்கள் என்பதெல்லாம் செய்தியில் இராது. இருக்கக் கூடாது என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடமும். தீ விபத்துக்கும் தேர்தல் முடிவுக்கும் அந்தப் பாடம் சரி. ஒரு சமூகத்தையே நமக்கு விளக்க முன்வரும் எழுத்துக்கு அது போதவே போதாது என்பது என் கட்சி. பார்க்கிறவர் எங்கே நின்று பார்க்கிறார் என்று தெரியாவிட்டால், பார்த்ததில் பாதி நமக்கு வந்து சேர்வதில்லை.

மூத்தவரிடமிருந்து தொடங்குகிறேன். எட்கர் ஸ்னோ 1905இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் பிறந்தவர். உலகம் சுற்றப் புறப்பட்ட இளைஞராக 1928இல் ஷாங்காயில் வந்து இறங்கினார். சில வாரம் தங்கிவிட்டுப் போவதாக எண்ணம். 1941 வரை சீனா அவரை விடவில்லை. அவர் வந்து இறங்கிய ஷாங்காயில் வெளிநாட்டார் குடியிருப்புக்கு வெளிநாட்டார் நடத்திய நகராட்சி, வெளிநாட்டார் நடத்திய போலீஸ். அமெரிக்கர் ஒருவர் குற்றம் செய்தால் சீன நீதிமன்றம் அவரை விசாரிக்க முடியாது. அப்படிப்பட்ட பாதுகாப்பின் உள்ளேயிருந்து 1929இல் ரயில்பாதைகளைப் பற்றிக் கட்டுரை எழுதுவதற்காக வடக்கே போனார். சராட்சி என்ற ஊர்; இன்றைய உள் மங்கோலியாவில் இருக்கிறது. மழை பொய்த்து, விளைச்சல் இல்லாமல், ஊர் ஊராகச் செத்துக்கொண்டிருந்தது. வழியோரப் பிணங்களையும், தசை வற்றித் தோல் மட்டும் தொங்கிய பிள்ளைகளையும் அவர் பார்த்தார். அதே ஊர்களில் பணக்காரர்களும் தானிய வியாபாரிகளும் உண்டு நன்றாகவே இருந்தார்கள், தானியமும் இருந்தது என்பதையும் பார்த்தார். தன் வாழ்வில் தான் கண்விழித்த இடம் அது என்று பிற்பாடு தன்வரலாற்றில் எழுதினார்.

1936 கோடையில் யாரும் போகாத வடமேற்கு மலைப்பகுதிக்குப் போய், பாவோஆனில் கம்யூனிஸ்ட் தலைவர் மாவோ சேதுங்கைச் சந்தித்து, அடுத்த ஆண்டு 'சீனாவின் மேல் செந்தாரகை' என்ற நூலை வெளியிட்டார். அந்த நூலின் கதை உங்களில் பலருக்குத் தெரியும் என்பதால் அதில் நிற்கவில்லை. சீன வாசகர்களில் பலர் மாவோவைப் பற்றி முதன்முதலாக விரிவாகத் தெரிந்துகொண்டதே அந்த அமெரிக்கரின் புத்தகத்தின் சீன மொழிபெயர்ப்பைப் படித்துத்தான் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

எனக்கு முக்கியம் 1960. பழைய நண்பர் என்ற முறையில் ஸ்னோவுக்குச் சீனா திரும்ப அனுமதி கிடைத்தது. மாதக்கணக்கில் சுற்றினார். மாவோவையும் பிரதமர் சூ என்லாயையும் சந்தித்தார். அந்தச் சமயம் நாட்டில் நடந்துகொண்டிருந்தது மனித வரலாற்றின் மிகப் பெரிய பஞ்சம். இறந்தவர்கள் ஒன்றரைக் கோடி முதல் நான்கரைக் கோடி வரை என்று ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் விரிகின்றன. ஸ்னோ தட்டுப்பாட்டைக் கண்டார், ரேஷனைக் கண்டார், பஞ்சத்தைக் காணவில்லை. பஞ்சம் என்று வெளியுலகம் சொன்னதை மறுத்து எழுதினார்.

ஒரு பஞ்சத்தில் கண்விழித்த மனிதர் அதைவிடப் பெரிய பஞ்சத்தின் நடுவே நடந்துபோய்க் காணாமல் திரும்பினார். இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஸ்னோ பொய்யர் அல்லர், விலைபோனவரும் அல்லர். தன் நாட்டில் மெக்கார்த்தி காலத்துக் கம்யூனிஸ்ட் எதிர்ப்புச் சந்தேகப் பார்வையால் எழுத இடமில்லாமல் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தவர். வழிகாட்டிகள் காட்டிய இடத்தைத்தான் பார்க்க முடிந்தது என்று காரணம் சொல்லலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் 1929இல் இருந்த இளைஞருக்குத் தான் யார் என்று தெரியாது. கண்ணில் பட்டது அவரை உலுக்கியது. 1960இல் வந்தவருக்குத் தான் யார் என்பது தீர்மானமாகிவிட்டது: சீனாவின் நண்பர். அந்தப் பெயரைச் சுமந்தவருக்கு மெலிந்த முகங்கள் வேறு விதமாகத் தெரிந்திருக்கும். 1972 பிப்ரவரியில் அவர் இறந்தார். அஸ்தியில் ஒரு பங்கு, அவர் முன்பு இதழியல் கற்பித்த யென்சிங் பல்கலைக்கழக வளாகத்தில், இன்றைய பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில், ஏரிக்கரையோரம் புதைக்கப்பட்டிருக்கிறது. அந்த மரியாதைக்கு அவர் உரியவர்தான். என் கவலை இங்கே உட்கார்ந்திருக்கும் இதழியல் மாணவர்களைப் பற்றியது. தன்னைக் கண்டுகொண்டதாக ஒரு செய்தியாளர் நினைப்பது தொழிலில் ஆபத்தான கட்டம். அதற்குப் பிறகு அவர் அந்தப் பிம்பத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

இனி, அந்தப் பிம்பம் கூடிவரவே விடாமல் ஓர் ஊர் பார்த்துக்கொண்ட கதை.

பீட்டர் ஹெஸ்லர் 1996 ஆகஸ்டில் யாங்சி ஆற்றில் படகேறி ஃபூலிங் என்ற ஊருக்குப் போனார். அப்போது அவருக்கு 27 வயது. பிரின்ஸ்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஆங்கில இலக்கியம் படித்தவர். செய்தியாளராக அல்ல, பீஸ் கோர் எனப்படும் அமெரிக்க அமைதிப் படையின் தொண்டராக, அங்கிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க. யாங்சியும் ஊ ஆறும் கூடுமிடத்தில் மலைச்சரிவில் ஏறிக்கிடக்கும் ஊர் அது. எங்கு போனாலும் படிக்கட்டு. அப்போது ரயில் கிடையாது. தொடக்கத்தில் அவரும் இன்னொரு அமெரிக்கத் தொண்டருமாக இருவர் மட்டுமே அந்த ஊரில் வெளிநாட்டார். தெருவில் இறங்கினால் கூட்டம் கூடும். 'ஹலோ' என்று பின்னாலிருந்து கத்துவார்கள். அது வணக்கம் அல்ல, சீண்டல். எதிரே சிரித்துக்கொண்டு வருகிறவர் கடந்துபோனதும் கத்துவார். சாப்பிட உட்கார்ந்தால் என்ன தின்கிறார் என்று பார்க்க ஆள் நிற்கும்.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவருக்கு இங்கே வாய் பேச வராது. அவருடைய சீன மொழி ஆசிரியை உச்சரிப்பு பிசகினால் 'தப்பு' என்று முகத்துக்கு நேரே சொல்வார். முதலில் தட்டிக்கொடுத்துவிட்டுப் பிறகு திருத்தும் அமெரிக்க வழக்கம் அவரிடம் இல்லை. அபினிப் போரைப் பற்றிய பாடம் வந்தால் வகுப்பறையில் இருவருக்கும் இடையே ஒரு சிறிய போர் நடக்கும். எங்கள் நாட்டை உங்கள் நாடுகள் என்ன பாடு படுத்தின என்று அவர் பக்கம். உங்கள் பாடநூல் ஒருதலையாக இருக்கிறது என்று இவர் பக்கம். இரண்டாண்டு முடிவில் ஒருவரையொருவர் மதிக்கும் நண்பர்களாகிறார்கள். இடையில் ஹெஸ்லர் புரிந்துகொண்டது இது: அவர் பீட்டர் என்ற தனிமனிதராக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக் காலக் கணக்கு அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்தக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறார்.

ஊரார் அவரை அழைத்த பெயர் ஹோ வெய். இரண்டாவது ஆண்டில், ஓரளவு மொழி வந்த பிறகு, தனக்குள் இரண்டு பேர் இருப்பதை அவர் கவனிக்கிறார். ஹோ வெய் கொஞ்சம் மந்தம். பேச்சில் பிழை மலிந்திருக்கும். கேலிசெய்தால் கூடவே சிரிப்பான். தேநீர்க்கடையில் யார் வேண்டுமானாலும் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பேசலாம். அவனிடம் யாருக்கும் பயம் இல்லை. இன்னொருவர் பீட்டர் ஹெஸ்லர். படித்தவர், கூர்மையானவர், குறிப்பேடு வைத்திருப்பவர். அவருடைய குடியிருப்பில் இரண்டு மேசைகள் இருந்தன. ஒன்றில் சீன மொழிப் பாடம் படிப்பார். மற்றொன்றில் ஆங்கிலத்தில் எழுதுவார். முதல் மேசை ஹோ வெய்க்கு, இரண்டாவது ஹெஸ்லருக்கு. பகலில் ஹோ வெய் தெருவில் கேட்டுவந்ததையெல்லாம் இரவில் ஹெஸ்லர் எழுதிவைத்தார். ஹோ வெய் என்ற அப்பாவியை நம்பி ஊரார் மனம்விட்டுப் பேசினார்கள். அவன் பின்னால் ஒருவர் எழுதிக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. இந்த ஏற்பாடு தன்னையே உறுத்தியதை ஹெஸ்லர் மறைக்கவில்லை.

எங்கள் தொழிலின் மிகச் சங்கடமான உண்மையை இவ்வளவு நேராக எழுதிய வேறொருவரை நான் படித்ததில்லை. கிராமத்துக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்து எழுதும் நாமும் இரண்டு பேர்தான். மோர் குடித்தவரை அவர்களுக்குத் தெரியும். எழுதியவரைத் தெரியாது.

ஃபூலிங்கை விட்டுக் கிளம்பும் சமயத்தில், நினைவுக்காக ஊரைப் படமெடுக்கலாம் என்று வீடியோ கேமராவுடன் இரண்டு அமெரிக்கர்களும் கடைத்தெருவில் இறங்கினார்கள். கூட்டம் கூடியது, முறைத்தது, கைகலப்பாக முடிந்தது. இரண்டாண்டு வாழ்ந்த ஊர், பேசிப் பழகிய தெரு. ஒரு கேமரா கையில் ஏறியதும் அவர்கள் மறுபடி அந்நியர். இந்தச் சம்பவத்தை அவர் அந்த ஆண்டுகளைப் பற்றிய தன் நூலின் கடைசிப் பகுதியில் வைத்திருக்கிறார். ஊர் என்னை ஏற்றுக்கொண்டது என்று முடித்திருந்தால் வாசகருக்கு இனிப்பாக இருந்திருக்கும். அப்படி முடிக்காததால்தான் அந்த நூலை நம்புகிறேன். 2001இல் 'ரிவர் டவுன்' என்ற பெயரில் வந்தது. 2012இல் சீன மொழியிலும் வெளியாகி அங்கே பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றது. இதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தங்களைப் பற்றி வெளியார் எழுதியதைச் சீன வாசகர்கள் விரும்பிப் படித்தார்கள். எழுதியவர் தன்னையும் அதே கறாரோடு எழுதியிருந்தார் என்பது அதற்கு ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

பிறகு அவர் 'நியூயார்க்கர்' இதழின் பெய்ஜிங் நிருபரானார். நகருக்கு வடக்கே, சீனப் பெருஞ்சுவரை ஒட்டிய ஒரு சிறு கிராமத்தில் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போக வர இருந்தார். பக்கத்து வீட்டுச் சிறுவனுக்கு ஒருநாள் உடம்பெங்கும் கன்றிப்போனது. ரத்தத் தட்டணுக்கள் குறைந்துவிட்டன. காரில் பெய்ஜிங் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் ஏற்ற வேண்டும் என்றது மருத்துவமனை. அந்த நாட்களில் சீனாவில் ஏற்றப்படும் ரத்தத்தின் தூய்மை பற்றிப் பெரும் அச்சம் இருந்தது. ஹெனான் மாகாணத்தில் 1990களில் ரத்தம் விற்ற ஏழை விவசாயிகளிடையே எச்.ஐ.வி. பரவிய கொடுமை அப்போதுதான் வெளியே தெரிய வந்திருந்தது. ஹெஸ்லர் மருத்துவர்களைக் கேள்விமேல் கேள்வி கேட்டார், அமெரிக்காவில் தெரிந்த மருத்துவர்களுக்கு எழுதி ஆலோசனை பெற்றார். பெற்றோர் பேசாமல் நின்றார்கள். நகரத்து மருத்துவரிடம் கிராமத்தார் கேள்வி கேட்பது வழக்கமில்லை. நம் அரசு மருத்துவமனை வராண்டாவில் நின்றவர்கள் இதை விளக்கம் இல்லாமலே புரிந்துகொள்வார்கள். பையன் பிழைத்தான்.

அதைப் படித்தபோது என்னை நிறுத்தியது வேறு. கேள்வி கேட்பதைத் தன் தொழில் திறமை என்றுதான் எந்த நிருபரும் நினைத்திருப்பார். அந்தப் பெய்ஜிங் மருத்துவமனையில் அது கடவுச்சீட்டும் படிப்பும் தந்த உரிமையாகத் தெரிகிறது. அதே கேள்வியைப் பையனின் தகப்பனார் கேட்டிருந்தால் வெளியே நில் என்றிருப்பார்கள்.

கடவுச்சீட்டு என்ற சொல் வந்துவிட்டதால், வெளிநாட்டு நிருபர்கள் நிறையப் பேசாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீனக் குடிமக்கள் வெளிநாட்டு ஊடகத்துக்கு நிருபராகப் பதிவுபெற முடியாது. செய்தி உதவியாளர் என்ற பெயரில்தான் வேலை பார்க்கலாம். தொலைபேசியில் பிடிப்பது, ஆள் தேடுவது, ஆவணம் படிப்பது, மொழிபெயர்ப்பது எல்லாம் அவர்கள். பைலைன், அதாவது செய்தியில் அச்சாகும் பெயர், வெளிநாட்டாருக்கு. அரசுக்குக் கோபம் வந்தால் நிருபருக்கு விசா மறுப்பார்கள், விமானம் ஏற்றுவார்கள். உதவியாளருக்கு நடப்பது அதுவல்ல. 'நியூயார்க் டைம்ஸ்' பெய்ஜிங் அலுவலகத்தின் ஆய்வாளர் சாவோ யான் 2004 செப்டம்பரில் கைதானார். அரசு ரகசியத்தை வெளியிட்டதாகச் சாட்டிய குற்றம் நிற்கவில்லை. தொடர்பில்லாத மோசடி வழக்கொன்றில் மூன்றாண்டு தண்டனை கொடுத்தார்கள். 2007 செப்டம்பரில்தான் வெளியே வந்தார். துணிச்சல் என்று எதை நாம் பாராட்டுகிறோம் என்பதை இந்த மூன்றாண்டை வைத்து எண்ணிப்பாருங்கள். சீனாவில் சில காலம் வேலை பார்த்த நேர்மையான நிருபர் எவரும் தன் துணிச்சலின் விலையை யார் கொடுக்கிறார் என்று தெரிந்துகொள்ளாமல் திரும்ப முடியாது.

அடுத்தவர் லெஸ்லி சாங். ஹெஸ்லரின் மனைவி என்பது கூடுதல் தகவல். தனித்து நிற்கும் எழுத்தாளர். 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நிருபராகச் சீனாவில் இருந்தவர். சீன வம்சாவளி அமெரிக்கர் என்பதால் ஹெஸ்லருக்கு நடந்தது இவருக்கு நடக்கவில்லை. தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துவிடலாம். 2004இல் அவர் தெற்கே டோங்குவான் என்ற தொழிற்சாலை நகருக்குப் போகத் தொடங்கினார். கிராமங்களிலிருந்து பதினாறு, பதினேழு வயதில் புறப்பட்டு வந்த பெண்கள் காலணியும் கைப்பையும் மின்னணுப் பொருளும் செய்யும் ஊர். அங்கே ஒரே ஒரு காலணி ஆலை வளாகத்தில் பல்லாயிரம் பேர் வேலை செய்தார்கள். அந்தப் பெண்கள் ஆலை மாறிக்கொண்டே இருப்பார்கள், விடுதி மாறிக்கொண்டே இருப்பார்கள். நிலையாக இருப்பது கைப்பேசி எண் ஒன்றுதான். கைப்பேசி திருடுபோனால் அந்த நகரில் இருந்த தோழிகள், காதலன், எல்லாரும் ஒரே நொடியில் தொலைந்துபோவார்கள். திரும்பக் கண்டுபிடிக்க வழி இல்லை. புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். சீனாவின் இடப்பெயர்வைப் பற்றிய நூறு புள்ளிவிவரங்கள் எனக்குச் சொல்லாததை அந்தத் திருட்டுப்போன கைப்பேசி சொல்லிவிட்டது.

சாங் அந்தப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார். அவர்களில் ஒருத்தி நாட்குறிப்பு எழுதுபவள். இன்னும் உழைக்க வேண்டும், பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டும், இப்படியே இருந்துவிடக் கூடாது என்று தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொள்ளும் குறிப்புகள். இதற்கிடையில் சாங்குக்குத் தன் குடும்பத்தில் இன்னொரு நாட்குறிப்பு இருந்தது. அது அவருடைய தாத்தாவினுடையது.

தாத்தா சாங் ஷென்ஃபு வடகிழக்கே ஜிலின் மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். 1920இல் அமெரிக்காவுக்குப் போய்ச் சுரங்கப் பொறியியல் படித்தார். நாட்டைக் கட்ட வேண்டும் என்ற வேகத்தோடு 1927இல் திரும்பினார். ஜப்பான் தோற்றபின், மஞ்சூரியா சோவியத் படைகளின் கையில் இருந்தபோது, ஃபூஷுன் நிலக்கரிச் சுரங்கங்களைப் பொறுப்பேற்கும்படி தேசியவாத அரசு அவரை அனுப்பியது. 1946 ஜனவரியில் திரும்பும் வழியில் அவரையும் உடன் போனவர்களையும் ரயிலிலிருந்து இறக்கித் துப்பாக்கிமுனை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். அந்தக் கொலையை எதிர்த்து மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். குடும்பம் தைவானுக்குப் போயிற்று. மகன் அமெரிக்கா போய் இயற்பியலாளரானார். பேத்தி செய்தியாளராகச் சீனாவுக்கு வந்தார். வந்தும் பல ஆண்டு பூர்வீகக் கிராமத்தின் பக்கம் போகாமலே இருந்தார். வம்சாவளி தேடிக் கிளம்பும் பயணங்களில் அவருக்கு விருப்பம் இருக்கவில்லை. இன்றைய சீனாவைப் பற்றி எழுதவே வந்தவர்.

டோங்குவான் பெண்கள்தான் அவரை ஜிலினுக்கு அனுப்பினார்கள். வீட்டை விட்டுப் புறப்படும் பெண்களின் கதையை எழுத எழுத, தன் குடும்பக் கதையும் வீட்டை விட்டுப் புறப்பட்டவர்களின் கதை என்று கண்டார். தாத்தாவின் அமெரிக்க நாட்குறிப்பையும் ஆலைப் பெண்ணின் நாட்குறிப்பையும் ஒரே நூலில் கொண்டுவந்தார். 'ஃபேக்டரி கேர்ள்ஸ்' 2008இல் வெளிவந்தது. குடும்ப வரலாற்று அத்தியாயங்கள் நூலின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். தாத்தா தன்னைத் திருத்திக்கொண்டது நாட்டுக்காக. அந்தப் பெண் தன்னைத் திருத்திக்கொள்வது தனக்காக. எண்பது ஆண்டில் சீனாவில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டால் நான் இந்த இரண்டு நாட்குறிப்புகளைத்தான் காட்டுவேன். அவற்றை அருகருகே வைக்க அந்தப் பேத்தியால் மட்டுமே முடிந்தது.

இப்போது நமக்கு நெருக்கமானவரிடம் வருகிறேன். பல்லவி அய்யர் 2002இல் பெய்ஜிங்குக்குப் போனார். முதலில் அங்கிருந்த ஒலிபரப்புக் கல்லூரி ஒன்றில் செய்தி எழுதக் கற்றுக்கொடுத்தார். பிறகு நம் சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' நாளிதழின் சீனச் செய்தியாளரானார். வெளிநாட்டுச் செய்தியாளர்கள் அரசு ஒதுக்கிய தூதரகக் குடியிருப்புகளில் காவலர் காவல் காக்க வாழ்ந்தது ஒரு காலம். அவர் ஹூதோங் எனப்படும் பழைய சந்துகளில், முற்றத்து வீட்டில் குடியிருந்தார். சீன மொழி கற்றார். சார்ஸ் நோய் பரவிய 2003ஆம் ஆண்டை அங்கே கழித்தார். 2008இல் 'ஸ்மோக் அண்ட் மிரர்ஸ்' நூலை எழுதினார்.

அந்தச் சந்துகளில் பல வீடுகளுக்குக் கழிப்பறை கிடையாது. தெருமுனைப் பொதுக் கழிப்பறைதான். அதைச் சுத்தம் செய்பவர் கையுறை போட்டுக்கொண்டு வேலை பார்ப்பார், முடித்துவிட்டு அக்கம்பக்கத்தாரோடு உட்கார்ந்து பேசுவார். அவரைக் கண்டு யாரும் ஒதுங்கி நடக்கவில்லை. அவர் தொட்ட கோப்பையைத் தனியே வைக்கவில்லை. வேலை தாழ்ந்த வேலைதான், சம்பளமும் சொற்பம். பிறப்பால் அது அவர்மேல் விழவில்லை, அவருடைய பிள்ளைமேல் விழப்போவதுமில்லை. டெல்லியில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் காட்சி என்ன செய்திருக்கும் என்று நீங்கள் ஊகிக்கலாம். சீனா, இந்தியா இரண்டில் எது மேல் என்று அவரிடம் எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நூலின் முடிவில் அவர் தரும் பதிலைச் சுருக்கித் தருகிறேன்: ஓரளவு வசதியான குடும்பத்தில் பிறக்கலாம் என்று உறுதி கிடைத்தால் இந்தியாவைத் தேர்ந்தெடுப்பேன், ஏழையாகப் பிறப்பேன் என்றால், ஓட்டுரிமை இல்லாவிட்டாலும், சோறும் துணியும் வீடும் முன்னேறும் வாய்ப்பும் கூடுதலாகக் கிடைக்கக்கூடிய சீனாவைத் தேர்ந்தெடுப்பேன்.

இந்தப் பதிலோடு சண்டை போடலாம். நானே போடுவேன். வாக்கும் வழக்கும் வாய்ப்பேச்சும் ஏழைக்கும் உண்டான கருவிகள். ஸ்னோ காணாத பஞ்சம் ஓட்டுரிமையும் பத்திரிகைச் சுதந்திரமும் உள்ள நாட்டில் அந்த அளவுக்குப் போயிருக்காது என்று அமர்த்தியா சென் வாதாடியிருக்கிறார். நான் அவர் பக்கம். சீனாவிலும் கிராமத்துக் குடும்பப் பதிவு, நகரத்துக் குடும்பப் பதிவு என்று பிறப்போடு ஒட்டிக்கொள்ளும் வேறு பிரிவு உண்டு. டோங்குவான் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனாலும் அந்தப் பதிலில் எனக்கு மதிப்புக்குரியது, 'நான் வசதியான இடத்தில் பிறந்ததால்தான் இந்தியா எனக்கு இனிக்கிறது' என்ற ஒப்புதல். அதை அவர் டெல்லியில் இருந்துகொண்டு எழுதியிருக்க முடியாது. நம் நாட்டில் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம் வந்தது. போதாமல் 2013இல் இன்னொன்று வந்தது. சென்னையில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் செத்தவர்களின் செய்தியை என் டெஸ்க்கிலேயே பார்த்திருக்கிறேன். அது மாவட்டப் பக்கத்துக்குப் போகும்; சீனா வெளிநாட்டுப் பக்கத்துக்குப் போகும். இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க ஹூதோங் சந்தில் குடியிருந்த ஒருவர் தேவைப்பட்டார்.

அப்படிக் குடியிருப்பது இப்போது அரிதாகிவிட்டது என்பதுதான் நான் இங்கே வந்து இவ்வளவும் சொல்வதற்குக் காரணம். 2020 மார்ச்சில் மூன்று பெரிய அமெரிக்க நாளிதழ்களின் நிருபர்கள் பலரைச் சீனா வெளியேற்றியது; அதற்கு முன் அமெரிக்கா சீன ஊடகப் பணியாளர்களின் எண்ணிக்கையைக் குறைத்திருந்தது. ஹெஸ்லர் 2019இல் ஆசிரியராகச் சீனாவின் செங்டு நகருக்குத் திரும்பிப்போய், தன் இரட்டை மகள்களை அங்குள்ள சீனப் பள்ளியிலேயே சேர்த்துப் படிக்கவைத்தார். 2021இல் பல்கலைக்கழகம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, குடும்பத்தோடு கிளம்பினார். இந்தியாவும் சீனாவும் ஒருவர் நிருபருக்கு மற்றவர் விசா மறுத்து மறுத்து, 2023இல் இந்தியச் செய்தியாளர்கள் ஏறக்குறைய எல்லாரும் பெய்ஜிங்கை விட்டு வந்தார்கள். உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாழும் இரண்டு அண்டை நாடுகள். ஒன்றின் தெருவில் குடியிருந்து மற்றொன்றுக்கு எழுத ஆள் அநேகமாக இல்லாமல் போனது. அந்த வெற்றிடத்தில் தொலைக்காட்சி விவாதம் வந்து உட்கார்ந்துகொண்டது. சீனாவுக்குப் போகாமலே சீனாவை அறிந்தவர்கள் மாலைதோறும் பேசுகிறார்கள். அவர்களுக்கு எந்தத் தெருவும் 'ஹலோ' என்று கத்தியதில்லை. எந்த ஆசிரியையும் தப்பு என்று சொன்னதில்லை.

அறக்கட்டளை நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தமிழில் எழுதும் இளம் செய்தியாளர் ஒருவருக்கு, ஆணோ பெண்ணோ, இரண்டாண்டு நல்கை வழங்குங்கள். முதலாண்டு மொழி படிக்க. சீனாவில் விசா கிடைத்தால் அங்கே. கிடைக்காவிட்டால் தைவானிலோ சிங்கப்பூரிலோ தொடங்கட்டும். தலைநகரில் வேண்டாம்; ஃபூலிங் அளவுள்ள ஓர் ஊரில், உள்ளூர்க்காரர்கள் குடியிருக்கும் சாதாரண அடுக்ககத்தில் வாடகைக்கு இடம் பார்க்கட்டும். முதல் ஆறு மாதம் கட்டுரை எதுவும் கேட்காதீர்கள். உதவியாளர் வைத்துக்கொண்டால், அவருக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தால் செய்தியை நிறுத்திக்கொள்ளும் உரிமை எழுத்துமூலம் இருக்கட்டும். திரும்பி வந்து புத்தகம் எழுதும்போது, தாம் எந்தச் சாதியில், எந்த ஊரில், என்ன வசதியோடு பிறந்தவர் என்பதையும், அது அங்கே தம் கண்ணை எங்கெங்கே மறைத்தது, எங்கெங்கே திறந்தது என்பதையும் அவர் எழுத வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். வேறு நிபந்தனை வேண்டாம். உத்தேசச் செலவுக் கணக்கை எழுதி இன்று மாலை செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.